கில்கீ: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், குதிரை லாடம்போல வளைந்த ஒரு சிறிய விரிகுடாவைச் சுற்றி இருக்கும் ஊர் கில்கீ. நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜூலை பிறந்துவிட்டால் லிமரிக் நகரத்தில் பாதி இங்கே வந்து இறங்கிவிட்டதோ என்று தோன்றும். மணற்கரை, அதையொட்டி ஒரு நடைபாதை, அதன் பின்னால் வண்ணம் பூசிய பழைய வீடுகள், இரு பக்கமும் செங்குத்துப் பாறைகள். இவ்வளவுதான் ஊர்.

வேலைக்கோ படிப்புக்கோ அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கடற்கரைக்குப் போகலாம் என்றதும் முதலில் கேட்பது, "வெயில் அடிக்குமா?" என்பதுதான். கில்கீயைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாக அமையும். தெரியாமல் போனால் நல்ல வெயில் நாளிலும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்ப நேரிடும்.

முதல் படி: தினசரி நாள்காட்டியைப் பாருங்கள்

நம் ஊர்க் கடற்கரையில் ஓதத்தைப் பற்றி, அதாவது கடல் ஏறி வற்றுவதைப் பற்றி, மீனவர்களைத் தவிர யாரும் கவலைப்படுவதில்லை. சென்னையில் கடல் ஏறியிருக்கும்போதும் வற்றியிருக்கும்போதும் நீர்மட்டத்தில் உள்ள வித்தியாசம் அதிகம் போனால் ஏறத்தாழ ஒரு மீட்டர். கில்கீயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். மதியம் நீங்கள் துண்டு விரித்துப் படுத்திருந்த இடத்தில் மாலையில் ஆள் நிற்க முடியாது.

ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இந்தக் கரையில் ஒரு வசதி இருக்கிறது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் கழித்துத்தான் கடல் மிக அதிகமாக வற்றும். அந்தப் பெரிய வற்றம் இங்கே நண்பகலை ஒட்டியே வருகிறது. அஷ்டமி வாக்கில் நிலைமை தலைகீழ். நண்பகலில் கடல் ஏறி நிற்கும்; வற்றுவது விடியலிலும் அந்தியிலும்தான். ஆக, வீட்டுச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கினால் பாதி வேலை முடிந்தது. அஷ்டமியில் எதையும் தொடங்கக்கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தால், கில்கீ விஷயத்திலாவது அவர் சொன்னது சரி.

துல்லியமான நேரத்துக்கு ஓத அட்டவணை பார்க்க வேண்டும். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணி நேரக் கணக்குத் தவறினால் பாறையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

எந்த மாதம், எங்கே தங்குவது

ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை. ஊர் கலகலப்பாக இருக்கும், அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டின் முதல் திங்கள்கிழமை அரசு விடுமுறை. அந்த வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கடினம். என்னைக் கேட்டால் ஜூனின் முதல் பாதிதான் சிறந்தது. கூட்டம் குறைவு, இரவு பத்து மணி வரை வெளிச்சம். செப்டம்பரில் இன்னொரு லாபம்: காற்று குளிர்ந்தாலும் கடல் கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும். கில்கீ மணற்கரையில் நடக்கும் குதிரைப் பந்தயமும் வழக்கமாக செப்டம்பரில்தான். கடல் வற்றிய மணலில் கம்பங்கள் நட்டுப் பாதை அமைத்து ஓட்டுவார்கள். பார்த்தீர்களா, பந்தயத்துக்கு நேரம் குறிப்பதும் கடல்தான்.

டிசம்பர், ஜனவரியில் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். உணவகங்கள் பலவும் மூடியிருக்கும். வரிசை வரிசையாக வீடுகள் விளக்கில்லாமல் கிடக்கும். இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1820களில் லிமரிக்கிலிருந்து பக்கத்து ஊரான கில்ரஷ் வரை நீராவிப் படகு ஓடத் தொடங்கியதும்தான் இந்த மீனவக் கிராமத்துக்கு விடுமுறைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1892இல் மேற்கு கிளேர் ரயில் கில்கீ வரை வந்தது. 1961 ஜனவரி 31 அன்று அந்த ரயில் நிறுத்தப்பட்டது. பிறகு 1995இல் கில்கீ உள்ளிட்ட 15 கடற்கரை ஊர்களில் கட்டடம் கட்டுவோருக்கு அரசு வரிச்சலுகை அறிவித்தது. விடுமுறை வீடுகள் வயல்வெளிகளில் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே திறக்கும். ஊரை வளர்ப்பதற்காகக் கொடுத்த சலுகை, குளிர்காலத்தில் ஆளில்லாத தெருக்களைத்தான் கூட்டியது என்று குறைப்படுபவர்கள் உண்டு. நடந்து பார்த்தால் அதை மறுப்பது கடினம்.

அந்த வீடுகளால் நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் வார வாடகைக்குச் சமையலறையோடு ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓரிரவு மட்டும் என்றால் காலை உணவோடு அறை தரும் வீட்டு விடுதிகள் நல்லவை. வாடகை வீட்டுக்குப் போகும் முன் படுக்கை விரிப்பும் துண்டும் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அவை கிடையாது.

போய்ச் சேர்வது

வெளிநாட்டிலிருந்து சுற்றுலாவாக வருபவர்கள் முதலில் விசாவைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. இந்தியக் குடிமக்களுக்கு ஐரிஷ் விசா தேவை. பிரிட்டன் விசாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டுத் திட்டக் குறிப்பு இருந்தால் அதைக் கொண்டே இங்கும் வரலாம்.

பக்கத்து விமான நிலையம் ஷானன். டப்ளினிலிருந்து வருபவர்கள் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி லிமரிக் வந்து, அங்கிருந்து என்னிஸ் போகலாம். லிமரிக், என்னிஸ் ஊர்களிலிருந்து கில்ரஷ் வழியாகக் கில்கீக்கு அரசு நிறுவனமான பஸ் ஏரானின் பஸ்கள் உண்டு. நகரப் பேருந்துபோல அடிக்கடி வராது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அட்டவணை. போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். லீப் கார்டு என்ற பயண அட்டை வைத்திருந்தால் கட்டணம் குறையும்.

காரில் என்றால் என்னிஸிலிருந்து என்68 சாலையில் கில்ரஷ், அங்கிருந்து என்67இல் 13 கிலோமீட்டரில் கில்கீ. நம் ஊர்போலவே இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும். கிராமப்புறச் சிறு சாலைகளில் வேக வரம்பு 2025 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த 60கூடப் பல வளைவுகளில் அதிகம். இருபுறமும் கல் சுவர், நடுவில் புல் முளைத்த தார்ச்சாலை, எதிரே டிராக்டர். வழிவிட்டு ஒதுங்கினால் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது நன்றியும் வணக்கமும் சேர்ந்தது. பதிலுக்கு நீங்களும் ஒரு விரல் தூக்கினால் போதும். ஓட்டுநர் உரிம விதிகள் சுற்றுலா வருபவருக்கு ஒன்று, குடியிருப்பவருக்கு வேறு. வாடகைக் கார் எடுக்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வழியில் கில்ரஷ் நகரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. பால், காய்கறி போன்றவற்றை அங்கேயே வாங்கிக்கொள்வது சிக்கனம். நல்ல அரிசி, பருப்பு, மசாலாப் பொருள்கள் வேண்டுமென்றால் லிமரிக்கிலேயே வாங்கிவிட வேண்டும்.

பையில் என்ன வைப்பது

குடை வேண்டாம். அட்லாண்டிக் காற்று அதை முதல் மூலையிலேயே திருப்பிவிடும். தலைமூடியோடு கூடிய மழைச்சட்டை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடுப்புகள், ஒரு கம்பளிச் சட்டை. ஜூலையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 19 டிகிரிதான். கடலில் இறங்க ரப்பர் அடி வைத்த காலுறைக் காலணி ஒரு ஜோடி கட்டாயம். ஏன் என்று கீழே சொல்கிறேன். குடுவையில் சூடான தேநீர்.

தண்ணீரில் இறங்குவது

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். வங்கக் கடலில் விளையாடிப் பழகியவர்களுக்குக் கடல் என்றால் வெதுவெதுப்பு என்று உடம்பில் பதிந்திருக்கும். கில்கீயில் ஆகஸ்டில்கூடக் கடல் 15, 16 டிகிரிதான். மார்ச்சில் அது 10க்குக் கீழே போகலாம். இப்படிப்பட்ட நீரில் சட்டென்று குதித்தால் மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்துபவரும் திணறுவார். ஆபத்தானது முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான். அதனால் கால், இடுப்பு, கை, கழுத்து என்று மெதுவாக நனைத்து, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள். எதிர்பாராமல் விழுந்துவிட்டால் கைகால் அடிக்க வேண்டாம். மல்லாந்து மிதந்தபடி மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள்.

வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்வெப்பம் சில நிமிடங்களுக்குக் குறைந்துகொண்டே போகும். படம் எடுப்பதும் பேச்சும் அப்புறம். முதலில் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, தொப்பி உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தேநீரைக் குடியுங்கள். கொதிக்கும் வெந்நீரில் உடனே குளிக்காதீர்கள், தலை சுற்றும். குழந்தைகளுக்குக் குளிர் நம்மைவிட வேகமாக ஏறும். உதடு நீலம் பாயும்வரை விட்டுவைக்கக்கூடாது.

கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். பணி நேரம் கரையில் பலகையில் எழுதியிருக்கும். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் நீந்த வேண்டும். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்கவே கூடாது. விரிகுடாவின் வாயில் டக்கர்னா பாறைத்திட்டு அலையை உடைத்துவிடுவதால், மேற்குக் கரையின் மற்றக் கடற்கரைகளைவிட இங்கே நீர் சாதுவானது. ஆனால் ஒரு பொறி உண்டு. இந்தக் கரையில் வானம் தெளிந்து வெயில் கொளுத்தும் நாள்களில் பெரும்பாலும் கிழக்குக் காற்றுதான் வீசும். மேற்கு நோக்கிய விரிகுடாவில் கிழக்குக் காற்று என்றால் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். கரையோரத்தில் கடல் கண்ணாடிபோல இருக்கும்; காற்றடைத்த மிதவையில் ஏறிய பிள்ளை சில நிமிடங்களில் விரிகுடாவின் வாய்க்குப் போய்விடும். கடைகளில் பளபளவென்று தொங்கும் அந்த மிதவைகளை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் புல்வெளியில் வைத்து விளையாடட்டும்.

காலணி எதற்கு என்றால், வற்றிய கடலின் ஓர மணலில் வீவர் என்றொரு சின்ன மீன் முதுகு முள் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். மிதித்தால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். ஐஸ் வைப்பது பயன்படாது. பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் பாதத்தை அரைமணி நேரமாவது வைத்திருந்தால் வலி இறங்கும். உயிர்காப்பாளரிடம் போனால் அதற்கு வழி செய்வார்.

பொல்லாக் ஹோல்ஸ்: இதற்காகத்தான் ஓதக் கணக்கு

ஊரின் மேற்கு முனையில், டக்கர்னா திட்டில், பாறையே தொட்டியாக அமைந்த மூன்று பெரிய குளங்கள் இருக்கின்றன. இவைதான் பொல்லாக் ஹோல்ஸ். கடல் ஏறியிருக்கும்போது அவை இருக்கும் இடமே தெரியாது. வற்றும்போது பாறைத்திட்டு வெளியே வந்து, ஒவ்வொரு ஓதத்துக்கும் புதிதாக நிரம்பிய தெளிந்த நீரோடு குளங்கள் தெரியவரும். அலை கிடையாது, இழுப்பு கிடையாது. நீச்சல் தெரிந்தவருக்குக் கடலுக்குள் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

செய்ய வேண்டிய முறை இது. அட்டவணையில் வற்றம் பிற்பகல் ஒரு மணி என்று இருந்தால் பதினொன்றரைக்கு மேற்கு முனைக்குப் போய்விடுங்கள். ஊர் நடுவிலிருந்து நடந்தே போகலாம். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போவதுதான் பாதுகாப்பு. நேரம் உங்கள் பக்கம் இருக்கும். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையேறிவிட வேண்டும். கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுவதே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணியில் மளமளவென்று ஏறும். "இன்னும் தண்ணீர் வரவே இல்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிப்பக்க விளிம்பில், திறந்த கடலைப் பார்த்தபடி நிற்கவே நிற்காதீர்கள். அமைதியான நாளிலும் திடீரென்று ஒரு பெரிய அலை ஏறி வரும்.

நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. பச்சையாகப் பளபளக்கும் பாறையில் கால் வைத்தால் வழுக்கும். கறுப்பாக ஈரம் மின்னுவது அதைவிட மோசம். வெள்ளையும் சாம்பலுமாகச் சொரசொரப்பாக, கொட்டலசு ஒட்டிய பாறையில் கால் நன்றாகப் பிடிக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையும் காலியாக வைத்துக்கொண்டு நடங்கள். பையை முதுகில் மாட்டுங்கள்.

குளத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சின்னக் குழிகளை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். குந்தி உட்கார்ந்து, உங்கள் நிழல் விழாதபடி ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் வெறும் பாறையாகத்தான் தெரியும். பிறகு ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று பாறையில் குடைந்த வட்டக் குழிக்குள் பொருந்தி உட்கார்ந்திருப்பது தெரியும். சிலவற்றின் தலையில் ஒரு சிப்பித் துண்டு, குல்லாய் வைத்ததுபோல. சிவப்புக் குழம்புத் துளியாக ஒட்டியிருப்பது கடல் சாமந்தி; நீருக்குள் இருக்கும்போது இதழ் விரிக்கும், நீர் வடிந்தால் சுருண்டுகொள்ளும். கண்ணாடிபோன்ற இறால் ஒன்று உங்கள் விரலைச் சோதிக்க வரும். எதையும் பிடுங்கி எடுக்க வேண்டாம். கல்லைப் புரட்டினால் அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

நியூ ஃபவுண்ட் அவுட் என்ற இடத்தில் கடலுக்கு மேலே குதிபலகைகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகக் குதிப்பார்கள். அவர்கள் எந்த ஓதத்தில் எவ்வளவு ஆழம் என்று சிறுவயது முதல் அறிந்தவர்கள். புதியவர்கள் பார்வையாளராக இருப்பதே நல்லது.

பாறைமேல் நடை

பொல்லாக் ஹோல்ஸ் வாகன நிறுத்துமிடத்திலிருந்தே பாறை விளிம்பை ஒட்டிய நடைபாதை தொடங்குகிறது. முழுச் சுற்று ஏறத்தாழ 8 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம். பாதியில் திரும்பும் குறுக்குச் சுற்றும் உண்டு. இதே மாவட்டத்தின் புகழ்பெற்ற மோஹர் பாறைகளில் உள்ள கூட்டமோ கட்டணமோ இங்கே இல்லை. பல இடங்களில் தடுப்பும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். விளிம்பில் புல் தொங்கிக்கொண்டிருக்கும், அடியில் மண் இருக்காது. காற்று பலமாக இருந்தால் போகாதீர்கள். 2016 செப்டம்பரில் இந்தப் பாறைகளுக்குக் கீழே ஒருவரைத் தேடும் பணியில் இறங்கிய கடலோரக் காவல் தன்னார்வலர் ஒருவர் படகு கவிழ்ந்து உயிரிழந்தார். ஆபத்து நேர்ந்தால் 112 அல்லது 999க்கு அழைத்து கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள். அப்போது படகில் வருபவர்கள் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான்.

வழியில் கடலுக்குள் தனித்து நிற்கும் ஒரு பாறைத் தீவு வரும். பிஷப் தீவு என்பார்கள். மேலே பழங்காலத் துறவிகளின் கல் வழிபாட்டறையின் இடிபாடு தெரியும். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குப் பங்கு கொடுக்க மனமில்லாத பிஷப் ஒருவர் உணவையெல்லாம் எடுத்துக்கொண்டு அங்கே ஒதுங்கினாராம். புயலில் இடையே இருந்த பாறை உடைந்து, உணவு தீர்ந்து, பட்டினியால் இறந்தாராம். செங்குத்தான சுவர்களைப் பார்க்கும்போது, பிஷப்பைவிட அந்தக் கல்லை மேலே ஏற்றியவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கத் தோன்றுகிறது.

அதன் அருகேயுள்ள குடாவில்தான் 1836 ஜனவரி 30 அன்று லிவர்பூலிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் புறப்பட்ட இன்ட்ரின்சிக் என்ற கப்பல் மோதி உடைந்தது. ஊருக்குள்ளேயே இன்னொரு துயரம். 1850 நவம்பர் 19 அன்று, பஞ்சத்திலிருந்து தப்பி லிமரிக்கிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த எட்மண்ட் கப்பலைப் புயல் கில்கீ விரிகுடாவுக்குள் தள்ளியது. 216 பேரில் 98 பேர் இறந்தார்கள். குழந்தைகள் மணல்வீடு கட்டும் இடத்துக்குக் கூப்பிடு தூரம்தான். கப்பல் மோதிய முனைக்கு இன்றும் எட்மண்ட் பெயர்தான்.

சாப்பாடும் மாலையும்

கரையோரத்தில் கோடையில் காகிதப் பையில் விற்கும் கடல் நத்தையை ஒரு முறையாவது சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு குண்டூசியும் தருவார்கள். வாயில் மூடிபோல ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தகட்டை ஊசியால் நெம்பித் தள்ளிவிட்டு, சதையில் குத்தி, ஓட்டின் சுழலோடு சேர்த்து மணிக்கட்டைத் திருப்பினால் சதை முழுதாகச் சுருண்டு வரும். நேராக இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். டில்லிஸ்க் என்ற சிவந்த கடற்பாசியை உலர்த்தி விற்பார்கள். முதல் கடியில் உப்பும் தோலுமாகத்தான் இருக்கும். மென்றால் சுவை வரும். கருவாட்டுப் பிரியர்களுக்குப் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

சைவர்கள் இரண்டு இடங்களில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். விடுதியின் ஐரிஷ் காலை உணவில் வரும் கறுப்பு, வெள்ளை 'புட்டிங்' இரண்டுமே பன்றி இறைச்சியில் செய்தவை. கறுப்பில் இரத்தமும் சேரும். முந்தின இரவே சொல்லிவிட்டால் முட்டை, காளான், தக்காளி, சோடா பிரெட் என்று மாற்றித் தருவார்கள்.

பப்புக்குப் போக மது அருந்தியாக வேண்டும் என்பதில்லை. தேநீர் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு இரவு ஒன்பது வரை இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. மூலையில் நாலு பேர் பிடிலும் புல்லாங்குழலுமாக உட்கார்ந்திருந்தால் அது கச்சேரி மேடை அல்ல, ஆனால் ஒருவர் தனியாகப் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். கூட்டமாகப் போனால் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லாருக்கும் வாங்குவது வழக்கம். உங்கள் முறையில் நழுவினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இருட்ட நேரமாகும் ஊர் என்பதால் சாப்பிட்டபின் நடைபாதையில் ஒரு சுற்று வரலாம். நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸின் சிலை அங்கே இருக்கிறது, கையில் பந்தடிக்கும் மட்டையோடு. லிமரிக்காரர். கடலோரச் சுவரில் பந்தடிக்கும் இந்த ஊர் விளையாட்டில் 1948 முதல் 1951 வரை தொடர்ந்து டிவோலி கோப்பையை வென்றவர். இன்னொரு விருந்தாளியின் கதையும் காதில் விழும். உலகமெங்கும், நம் ஊர் ஆட்டோக்களின் முதுகிலும், ஒட்டப்பட்டிருக்கும் சே குவேராவின் அந்தச் சிவப்பு-கறுப்புப் படத்தை 1968இல் வரைந்தவர் ஐரிஷ் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக். இளைஞனாகக் கில்கீயில் ஒரு பப்பில் வேலை பார்த்தபோது, ஷானனில் விமானம் நின்ற இடைவெளியில் சே அங்கே வந்ததாகவும், தானே அவருக்கு மது ஊற்றிக்கொடுத்ததாகவும் ஃபிட்ஸ்பாட்ரிக் சொல்லியிருக்கிறார்.

மழை பிடித்துக்கொண்டால், அல்லது கடல் தவறான நேரத்தில் ஏறியிருந்தால்

காரை எடுத்துக்கொண்டு தென்மேற்கே லூப் ஹெட் முனைக்குப் போங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1854இல் கட்டிய கலங்கரை விளக்கம். அதையும் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்கு இது நடுநிலை நாடு என்று காட்டத் தரையில் கற்களால் பதித்த பெரிய எழுத்துகள். திரும்பும் வழியில் பிரிட்ஜஸ் ஆஃப் ராஸ். மூன்று இயற்கைப் பாறைப் பாலங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் மிச்சம். அது நிறுத்துமிடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

மழை லேசாக இருந்தால் காரிகஹோல்ட்டிலிருந்து டால்ஃபின் பார்க்கும் படகில் போகலாம். ஷானன் முகத்துவாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டால்ஃபின்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. கில்ரஷிலிருந்து ஸ்காட்டரி தீவுக்குப் படகு உண்டு; அங்குள்ள வட்டக் கோபுரத்துக்கு வாசல் தரை மட்டத்திலேயே இருக்கிறது. அயர்லாந்தின் மற்றக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றில் ஏணி வைத்து ஏறும் உயரத்தில்தான் வாசல் வைத்திருப்பார்கள். இந்தப் படகுகளும் ஓதத்தையும் காற்றையும் பார்த்தே புறப்படும். காலையில் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கில்கீயிலிருந்து கெர்ரி பக்கம் போகிறவர்கள் லிமரிக்கைச் சுற்ற வேண்டியதில்லை. கில்லிமரிலிருந்து ஷானன் ஆற்றைக் கடந்து டார்பர்ட் போகும் கார் படகு 1969 முதல் ஓடுகிறது. கடக்க 20 நிமிடம். கோடையில் மாலைவரை அடிக்கடி உண்டு. குளிர்காலத்தில் கடைசிப் படகு முன்னதாகவே போய்விடும்.